பீகோ டிரெயில்: ஐந்து கட்டங்கள் நடந்தவளின் விமர்சனம்

பீகோ டிரெயிலில் மொத்தம் 22 கட்டங்கள். நான் நடந்தது ஐந்து. அதனால் முழுப் பாதைக்குமான தீர்ப்பாக இதை எடுக்க வேண்டாம். ஹந்தானையிலிருந்து கலஹா, கலஹாவிலிருந்து லூல்கந்துர, எல்லயிலிருந்து தெமோதரை, பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடை, வட்டகொடையிலிருந்து கொட்டகலை. 2025 தைப்பொங்கல் கழிந்து மாசி வரை, வார இறுதிகளில் நடந்தவை. கண்டியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பிறந்தது வட்டகொடைப் பக்கம், ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். 36 வருடம் கொழுந்து பறித்தவர். அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு கட்டம் நடந்தேன். இந்தக் குறிப்பில் பாதி அந்த ஒரு நாளைப் பற்றியதாக இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். இலங்கையின் மலைநாட்டில் கண்டிக்கு மேலே உள்ள ஹந்தானையில் தொடங்கி அட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பீட்ரு தோட்டத்தில் முடிகிற நடைபாதை இது. 300 கிலோமீட்டருக்கு மேல். இலங்கையில் வாழும் மிகேல் குனாட் என்ற ஸ்பானியருடைய யோசனை. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பண உதவி செய்தன. பீகோ என்பது தேயிலைத் தர வகையின் பெயர். கடையில் பி.ஓ.பி. என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் கடைசி எழுத்து இந்தப் பீகோதான்.

பாதையைத் திட்டமிட்டவர்களுக்கு முதலில் ஒரு பெரிய நன்றி. புதிதாக மலையை வெட்டவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்திலிருந்து பக்டரிக்கும், பக்டரியிலிருந்து ரயிலுக்கும் தேயிலை கொண்டுபோகப் போட்ட வண்டிப் பாதைகள், மாட்டுத் தடங்கள், லயத்துக்கும் மலைக்கும் நடுவில் ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள், இவற்றையெல்லாம் தேடி எடுத்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். 1867ல் கண்டிக்கு ரயில் வந்தது. நானுஓயாவை அடைந்தது 1885ல், பதுளையை 1924ல். ரயில் பாதை நீள நீள, அதுவரை பாரம் சுமந்த தடங்களில் போக்குவரத்து குறைந்தது. பிறகு லொறி வந்தது. தடங்கள் மிச்சமாக இருந்தன. தோட்டத்துச் சனங்கள் மட்டும் அவற்றில் நடந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொரு நல்ல விஷயம், கட்டங்களை எங்கே முடிப்பது என்று யோசித்த விதம். நான் நடந்தவை எல்லாம் பஸ்ஸோ ரயிலோ ஓட்டோவோ கிடைக்கிற இடத்தைத் தொட்டுக்கொண்டே போகின்றன. கலஹா ஒரு சின்ன ஊர். அங்கே கால் வலியோடு போய் உட்கார்ந்தால் சோற்றுக்கடை இருக்கிறது, கண்டி பஸ் இருக்கிறது. பெரும்பாலான கட்டம் ஒரு பகலில் முடிந்துவிடும். கூடாரம் தூக்க வேண்டாம். என்னைப் போல வெள்ளி வரை வேலை, சனிக்கிழமை நடை என்று இருக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஒவ்வொரு கட்டத்துக்கும் வரைபடத்தை இணையத்தில் போட்டிருக்கிறார்கள், போனில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். இதை மட்டும் அவசியம் செய்யுங்கள். தேயிலை மலைக்குள் பாதை நாலு பக்கம் கிளை பிரியும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நாங்கள் போன நாட்களில் யாரும் கட்டணம் கேட்கவில்லை.

ஹந்தானைக் கட்டத்தை இரண்டு சக ஆசிரியைகளோடு நடந்தேன். தொடங்கும் பக்கத்திலேயே தேயிலை நூதனசாலை இருக்கிறது. பழைய பக்டரிக் கட்டடம். நேரம் இருந்தால் உள்ளே போய்விட்டு நடையைத் தொடங்குங்கள், பழைய ரோதைகளையும் உருட்டு மெசின்களையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மலை வேறு மாதிரித் தெரியும். கலஹா வரை சுலபமான நடை. பைன் மரக்காட்டு நிழலும் மானாப்புல் வெளியும் மாறி மாறி வரும். அட்டை கடிக்கும். காலுறைக்கு மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போங்கள்.

லூல்கந்துரக் கட்டத்துக்குத் துணையாக, தோட்டத்தில் பிறந்த ஒரு இளைஞரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு 4000 ரூபாய் பேசி, கொடுத்தது 5000. கொடுத்ததற்கு மேலாகவே வேலை செய்தார். இந்தத் தோட்டத்தில்தான் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867ல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையின் முதல் வர்த்தகத் தேயிலைத் தோட்டம் அதுதான். இரண்டே வருடத்தில், 1869ல், கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்து வந்த வருடங்களில் கோப்பி அழிந்து, நாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது. டெய்லர் உட்கார்ந்து பார்க்கிற கல் இருக்கை, அவருடைய குடிசையில் மிஞ்சிய புகைக்கூண்டு எல்லாவற்றையும் அந்த வழிகாட்டித் தம்பி காட்டினார்.

அங்கே உட்கார்ந்து அவர் சொன்ன கதை ஒன்றை ஏற்கெனவே படித்திருக்கிறேன். ஆனாலும் அந்த இடத்தில் கேட்கும்போது வேறு. 1892ல் டெய்லர் அந்தத் தோட்டத்திலேயே வயிற்றுக்கடுப்பில் இறந்தார். உடலைக் கண்டிக்குக் கொண்டுபோக 24 தொழிலாளர்கள், பன்னிரண்டு பன்னிரண்டு பேராகத் தோள் மாற்றி மாற்றிச் சுமந்தார்களாம். பின்னால் தோட்டத்துச் சனம் 'சாமி துரை, சாமி துரை' என்று அழுதுகொண்டே நடந்ததாம். நாங்கள் இரண்டு சனிக்கிழமையாக ஏறி வந்த திசைக்கு எதிர்த்திசையில், அந்த மலைகளைத் தாண்டி, ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு. டெய்லரின் கல்லறை கண்டியில் மஹய்யாவ மயானத்தில் இருக்கிறது, பெயர் வெட்டிய கல்லோடு. அந்த 24 பேர் யார் யார் என்று நான் எங்கேயும் படித்ததில்லை.

"உங்கட பூட்டன் எந்த ஊர் தம்பி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். வருகிறவர்கள் டெய்லரைப் பற்றித்தான் கேட்பார்களாம். பிறகு, "தொறையூர் பக்கம்னு அப்பாயி சொல்லும் டீச்சர். ஒரு தகரப் பெட்டி இருக்கு, அதில ஏதோ எழுதியிருக்கு" என்றார். இறங்கி வரும் வழி முழுவதும் அந்தத் தகரப் பெட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். இப்படி வழிகாட்டிகள் எல்லாக் கட்டத்துக்கும் உருவாக வேண்டும். டெய்லர் கதையோடு தகரப் பெட்டியின் கதையையும் சேர்த்துச் சொல்ல அவர்களைப் பழக்கினால், நடக்க வருகிறவர்களுக்கும் அது ஒரு கொடையாக இருக்கும்.

எல்ல, தெமோதரைக் கட்டத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒன்பது வளைவுப் பாலம் அழகுதான். 1921ல் கட்டியது, இன்னும் ரயிலைத் தாங்குகிறது. தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி அந்த ஸ்டேசனுக்குக் கீழேயே நுழைந்து போவதை ஒரு தடவை நின்று பாருங்கள், கணக்கு டீச்சராக எனக்கு அது பாலத்தைவிடப் பிடித்தது. நான் போனது தை மாதம், மழை விட்டபாடில்லை. அந்தப் பயணத்தில் ஒரு சுற்றுலா நகரத்து விடுதியில் நடந்ததைச் சொல்லாமல் விடவும் முடியாது. சேற்றுச் சப்பாத்தோடு நாங்கள் மூன்று பெண்கள் போய் நின்றோம். அறை இருக்கிறதா என்று கேட்டதற்கு, வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் என்றார்கள். இரவு ஏழு மணி. வேறொரு வீட்டில், ஒரு சிங்கள அம்மா கதவைத் திறந்து, சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்து, பருப்பும் பலாக்காய்க் கறியும் சோறும் போட்டார். மூன்று பேருக்கும் சேர்த்து அவர் கேட்ட காசு, முதல் இடத்தில் ஒருவருக்கு எழுதி மாட்டியிருந்ததில் பாதிகூட இல்லை. உள்ளூர்க்காரர்கள் முன்கூட்டியே போன் பண்ணி, பெயர் சொல்லி, அறையை உறுதிப்படுத்திக்கொண்டு போங்கள்.

சரி, இப்போது பூண்டுலோயாவுக்கு வருகிறேன்.

ஐந்தாம் கட்டம் பூண்டுலோயாவில் தொடங்கி வட்டகொடையில் முடிகிறது. எனக்கு அது வீட்டுக்குப் போகிற கட்டம். அம்மாவிடம் போனில் சொன்னபோது முதலில் அவருக்கு விளங்கவில்லை. "பஸ் ஓடலையா?" என்று கேட்டார். பஸ் ஓடுகிறது, சும்மா நடக்கப் போகிறோம் என்றேன். "சும்மாவா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அப்ப நானும் வாறன். நீ பாதை தெரியாம எங்கயாவது போய் நிப்ப" என்றார்.

அம்மாவுக்கு 66 வயது. நான் மலை ஏறுகிற சப்பாத்து போட்டிருந்தேன், அவர் ரப்பர் செருப்பு. விடிகாலை பஸ்ஸில் தலவாக்கலை வழியாகப் பூண்டுலோயா போய், கடையில் ரொட்டியும் கட்டைச்சம்பலும் வாங்கிக் கட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தோம். முதல் ஒரு மணி நேரம் அவர் பேசவே இல்லை. மூச்சை அடக்கி, ஒரே சீராக, முன்னால் போய்க்கொண்டே இருந்தார். கூடை இல்லாத முதுகைக் கொஞ்சம் முன்னால் வளைத்தபடி. அந்த நடையைச் சின்ன வயதில் லயத்து வாசலில் நின்று தினமும் பார்த்திருக்கிறேன். ஆறு மணிக்குப் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போகிற நடை.

போனில் உள்ள வரைபடத்தில் ஒரு நீலக்கோடு மட்டும் ஓடுகிறது. அம்மாவிடம் இருந்த வரைபடம் வேறு. எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பகுதிகளை 'மலை' என்று சொல்லி நம்பர் போட்டு அழைப்போம். "இது நாலாம் நம்பர் மலை. கவ்வாத்து வெட்டி ரெண்டு வருசம் இருக்கும், பார், வாது எப்படி வந்திருக்குன்னு." "அந்தா, அந்த டர்பன்டைன் மரத்துக்கிட்ட ஒரு கான் இருக்கும், மழைக்கு வழுக்கும்." தான் வேலை செய்யாத தோட்டத்தில்கூட, கொழுந்தைப் பார்த்தே எத்தனை நாளுக்கு முன் பறித்தது என்று சொன்னார். வட்டகொடைப் பக்கம் இறங்க இறங்க நம்பர்களோடு பெயர்களும் வரத் தொடங்கின. இந்த வளைவில்தான் என் பெரியம்மா விழுந்து கை முறிந்தது. அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் மதியத் தேத்தண்ணி குடிப்பார்கள். ஏழாம் நம்பர் மலையில்தான் அம்மா முதல் நாள் கூடை எடுத்தது, 14 வயதில். பாதையோரம் ஒரு மரத்தடியில் மூன்று கல், குங்குமம், காய்ந்த பூ. முனியாண்டி. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். நடக்க வருகிறவர்களுக்கு அது மூன்று கல்லாகத்தான் தெரியும். தயவுசெய்து அவற்றின் மேல் பையை வைக்காதீர்கள்.

பாதி வழியில் ஒரு கொழுந்து மடுவம், பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை, வந்தது. பெண்கள் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் இரண்டு பேருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கே போகிறீர்கள் என்றார்கள். "மக நடக்கணுமாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், பிறகு பக்கத்தில் இடம் விட்டார்கள். அப்போது அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபாய். அம்மா வேலை செய்த தோட்டத்தில் முழுப் பெயர் விழ, அதாவது முழு நாள் சம்பளம் கிடைக்க, 18 கிலோ கேட்பார்கள். மழையில்லாத மாதத்தில் அந்த 18 வராது. இந்தக் கணக்கையெல்லாம் ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண்கள் என்னிடம் கொட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் நடந்து போகிறார்களே, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரு அக்கா சொன்னார்: "கையக் காட்டுவாங்க, நாங்களும் காட்டுவம். போட்டோ புடிப்பாங்க. அப்புறம் போயிருவாங்க."

அங்கேதான் இன்னொன்று உறைத்தது. காலை ஆறரையிலிருந்து எனக்கு ஒதுங்க ஓரிடம் கிடைக்கவில்லை. பாதையோரம் முழுவதும் இடுப்பளவு தேயிலை, நாலு பக்கத்திலிருந்தும் தெரியும். அம்மாவிடம் கேட்டேன், "நீங்க என்னம்மா செய்வீங்க?" "தண்ணி குடிக்க மாட்டோம்" என்றார். 36 வருடம். மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு மலசலகூடம் இல்லாதது பல தோட்டங்களில் பழைய குறை, தொழிற்சங்கங்கள் பேசிப் பேசி அலுத்த விஷயம். ஒரு நாள் நடந்த எனக்கே தலை வலித்தது. பாதையை இன்னும் வளர்க்கப் போகிறவர்கள் எதற்காவது காசு தேடினால், முதலில் கொழுந்து மடுவங்களுக்குப் பக்கத்தில் பெண்களுக்கான மலசலகூடம் கட்டத் தேடுங்கள். நடக்கிற பெண்ணும் பயன்படுத்துவாள், பறிக்கிற பெண்ணும் பயன்படுத்துவாள். அந்தப் பாதையில் இதைவிட அவசரமான கட்டடம் எனக்குத் தெரியவில்லை. பெண் வாசகர்களுக்கு என் ஆலோசனை: ஊரை விட்டுக் கிளம்பும் முன் கடையில் கேட்டுப் போய்விட்டுக் கிளம்புங்கள். ஆனால் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம், மலை வெயில் தெரியாமல் காயும்.

பகல் இரண்டு மணிக்கு எங்கள் லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தோம். பாதை அந்தப் பக்கமாகத்தான் போகிறது, லயங்களுக்கும் கோயிலுக்கும் நடுவில். நாங்கள் கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு வெளிநாட்டு இணை வந்தது. ஜெர்மன்காரர்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் காலில் கொப்புளம். அம்மா இஸ்தோப்பில் பாயை விரித்தார். வெந்நீர் கொண்டுவந்தார். இஞ்சி தட்டிப்போட்டுப் பிளேன்டீ, ஒரு துண்டு கருப்பட்டி. அவர்கள் குடித்து முடித்து ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினார்கள். அம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. வீடு தேடி வந்தவர்களிடம் தேத்தண்ணிக்குக் காசா?

அவர்கள் போன பிறகு என் தம்பி மனைவி கொஞ்சம் கோபமாகவே பேசினார். நியாயமான கோபம். "வாரத்துக்கு பத்துப் பேர் இப்படிப் போறாங்க மாமி. நாலு பேர் தங்குனா புள்ளைங்க டியூசன் காசு வந்துரும்." அவர் இரண்டு மாதமாக வாசலில் ஒரு மேசை போட்டு ரொட்டியும் தேத்தண்ணியும் விற்கிறார். நாளைக்கு ஐந்நூறு, எழுநூறு கிடைக்கிறது. வெளிநாட்டுக்காரர் தங்க ஒரு அறையை ஒழுங்கு செய்யலாம் என்று ஆசை. விசாரித்துப் பார்த்திருக்கிறார். வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் என் விமர்சனம் முழுவதும் போய் முட்டுகிறது. தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. 1992ல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது, குத்தகையில். லயக் காம்பராவில் நாலு தலைமுறை இருந்தாலும் அது எங்கள் பெயரில் இல்லை. சில இடங்களில் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கொடுத்திருக்கிறார்கள், இந்திய உதவியோடு கட்டிய வீடுகளும் இருக்கின்றன. ஆனால் இன்னும் ஏராளமான குடும்பங்கள் லயத்தில்தான். பெயரில் இல்லாத வீட்டைத் தங்குமிடமாகப் பதிவது எப்படி? வங்கியில் கடன் கேட்பது எப்படி? ஒரு மலசலகூடத்தைச் சேர்த்துக் கட்டக்கூடத் துரையிடம், தோட்ட நிர்வாகியிடம், அனுமதி கேட்க வேண்டும். அதனால் பாதை எங்கள் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது, காசு வட்டகொடை டவுன் வரை போய் அங்கே நின்றுவிடுகிறது. பாதை போட்டவர்களின் பிழை என்று இதைச் சொல்ல மாட்டேன், காணிப் பத்திரம் அவர்கள் கையில் இல்லை. ஆனால் ஊர்களை இணைக்கிற பாதை என்று திட்டமிடும்போது டவுன்களை மட்டும் ஊர் என்று எண்ணக் கூடாது. இரண்டு டவுனுக்கு நடுவில் நாங்கள் இருக்கிறோம். நடைபாதை வருமானத்தைக் காரணமாகக் காட்டியாவது லயத்துக் குடும்பங்களுக்கு வீட்டுப் பத்திரம் கேட்க முடியும். பிரதேச சபையும் சுற்றுலா அதிகாரிகளும் கம்பனிகளும் ஒரு மேசையில் உட்கார வேண்டிய விஷயம் இது. அதுவரைக்கும் பத்திரம் இல்லாத இடத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பொதுக் கட்டடங்கள். தோட்டத்துக் கலாசார மண்டபம், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளை மடுவம் போன்ற இடங்களில் பெண்கள் சங்கம் நடத்துகிற சாப்பாட்டுக் கடை. பத்துக் குடும்பம் முறை வைத்துச் சமைக்கலாம்.

நடந்து போவதைப் பற்றி எங்கள் சனத்துக்கு வேறு ஒரு நினைவும் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் முன்னோர் தலைமன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடந்துதான் கோப்பித் தோட்டங்களுக்கு ஏறினார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. வந்து 200 வருடம் ஆனதை நினைத்து 2023 ஆடி 28ல் தலைமன்னாரில் தொடங்கி ஆவணி 12ல் மாத்தளையில் முடிகிற மாதிரி ஒரு நடைபயணம் நடத்தினார்கள், 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில். இங்கிலிஷ் மாதக் கணக்கில்தான் சொல்கிறேன். யூலையும் ஓகஸ்டும். கடைசி நாள் சனிக்கிழமை, மாத்தளையில் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். நிலமும் வீடும் சம உரிமையும் கேட்ட நடை அது. 1948ல் குடியுரிமையைப் பறிகொடுத்து, அதை முழுதாகத் திரும்ப வாங்க 2003 வரை காத்திருந்த சனம் நாங்கள். பீகோ டிரெயிலில் நடக்கும்போது எனக்கு அந்த நடை நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. இந்தப் பாதையின் நீலக்கோட்டுக்குக் கீழே அந்த வழியையும் ஒரு கோடாக யாராவது வரைந்து, மாத்தளையிலிருந்து கண்டி வரை ஒரு கிளைப் பாதையாக இணைத்தால், கட்டாயம் முதல் ஆளாக நடப்பேன்.

மறுநாள் வட்டகொடை, கொட்டகலைக் கட்டத்தைத் தனியாக நடந்தேன். அதிகம் சொல்ல இல்லை, நல்ல நாள், நல்ல காற்று. ரயில் சத்தம் அடிக்கடி கூடவே வரும். தலவாக்கலைப் பக்கம் போகிறவர்கள் அட்டன், நுவரெலியா வீதியில் நின்று டெவன் அருவியையும் சென்கிளயார் அருவியையும் பார்க்கலாம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு சென்கிளயாருக்குத் தண்ணீர் நேரக்கணக்கில் திறந்து விடுகிறார்கள், பகலில் போங்கள். இந்தக் கட்டத்தில் வெயிலுக்கு ஒதுங்க நிழல் குறைவு. தொப்பியும் ஒன்றரை லீட்டர் தண்ணீரும் வேண்டும். நாய்களுக்குப் பயப்பட வேண்டாம், குனிந்து கல் எடுக்கிற மாதிரிப் பாவனை செய்தாலே போய்விடும்.

எந்த மாதம் போவது என்று கேட்கிறவர்களுக்குத் தோட்டத்துக்காரர் கணக்கு ஒன்று சொல்கிறேன். தேயிலை எந்தப் பக்கம் ருசியாக இருக்கிறதோ, அந்தப் பக்கம் அப்போது நடங்கள். அட்டன், தலவாக்கலை, கொட்டகலைப் பக்கத்துத் தேயிலை தை முதல் பங்குனி வரை மணக்கும். வெயிலும் குளிர்காற்றும் சேர்ந்து இலை மெதுவாக வளர்கிற காலம். பாதையும் காய்ந்திருக்கும். ஊவாப் பக்கம், பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல என்றால் ஆடி, ஆவணி. அப்போது அங்கே கச்சான் காற்று வீசும், அட்டன் பக்கமோ தென்மேற்கு மழையில் நனைந்துகொண்டிருக்கும். நான் எல்லயில் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். மழைக்குப் பிறகு மண்சரிவு எச்சரிக்கை ஏதாவது இருந்தால் எந்தப் பக்கமும் போகாதீர்கள். அந்த எச்சரிக்கை லயத்துச் சனத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், நீங்கள் போய் அவர்களுக்கு இன்னொரு கவலையாக நிற்க வேண்டாம்.

பையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். லயத்து வாசலில் மேசை போட்டிருந்தால் நின்று ஒரு ரொட்டி சாப்பிடுங்கள், என் தம்பி மனைவியைப் போல இன்னும் பல பேர் தொடங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு டொபி கொடுத்துப் பழக்க வேண்டாம். பறிக்கிறவர்களைப் போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள், தமிழில் கேட்டால் அவர்கள் முகம் மாறுகிற விதத்தை நீங்களே பார்ப்பீர்கள். யாராவது தேத்தண்ணி கொடுத்துக் காசு வாங்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அந்தத் தோட்டத்துப் பாடசாலைக்கு பிள்ளைகள் எழுத ஒரு கட்டுக் கொப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஐந்து நட்சத்திரத்தில் நான்கு கொடுக்கிறேன். பாதை அமைந்த விதத்துக்கும் கட்டங்களின் அளவுக்கும் பஸ், ரயில் இணைப்புக்கும் முழு மனதோடு நான்கு. ஐந்தாவதை எங்கள் லயத்து வாசலில், தம்பி மனைவியின் மேசைக்குப் பின்னால் ஒரு பதிவு எண் எழுதிய பலகை மாட்டுகிற அன்றைக்குச் சேர்த்து எழுதுகிறேன்.

கொட்டகலையிலிருந்து நோர்வூட் போகிற ஏழாம் கட்டம் அடுத்தது. அம்மாவும் வருகிறார். அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டுப் போன தன் சிநேகிதியைப் பார்த்து 20 வருடம் ஆகிறதாம், பாதை அந்த லயத்துப் பக்கம் போகுமா என்று வரைபடத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.